அடுக்களைக்கு ஏற்ற ஒளி

சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்னும் வினையடியிலிருந்து அடுப்பு, அடிசில், அட்டில், அடுக்களை முதலிய சொற்கள் கிளைத்தன என்பர். விளங்குதல் என்னும் தன்வினையின் பிறவினை வடிவமே விளக்கு. தானும் விளங்கிப் பிறவற்றையும் விளங்கச் செய்வது எதுவோ அதுவே விளக்கு. இவ்விரு சொற்களும் நம் மொழியில் மிகப் பழையன. எனினும், அடுக்களையும் விளக்கும் நம் வீடுகளில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்று வினவினால் விடை அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இல்லை.

நெடுநல்வாடையில் அரண்மனை விளக்குகளைக் காண்கிறோம். யவனர் இயற்றிய பாவையின் கையகலில் நெய் சொரிந்து பருத்த திரி கொளுத்துகின்றனர். குறுந்தொகையின் 167ஆம் பாடலிலோ கூடலூர் கிழார் ஓர் இல்லத்தின் அட்டிலைக் காட்டுகின்றார். புதிதாக மணம் முடித்த தலைவி தயிரைப் பிசைந்து புளிப்பாகு சமைக்கின்றாள். தாளிப்புப் புகை அவள் மையுண்ட கண்களில் நிறைகின்றது. கணவன் இனிதென உண்டதும் அவள் முகம் நுண்ணிதின் மலர்கின்றது. புகையைப் பாடிய புலவர் அவ்விடத்தில் விளக்கைப் பாடவில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை, பகற்சமையலாகவும் இருக்கலாம். ஆயினும், கூடத்திற்கு ஒளியும் அடுக்களைக்குப் புகையும் என்ற பங்கீடு பாட்டில் மட்டுமன்றி வாழ்விலும் நெடுங்காலம் நிலைத்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

இன்றைய வீடுகளையே நோக்குவோம். விருந்தினர் அமரும் கூடத்தில் கூரையெங்கும் ஒளிவட்டங்கள். கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் புழங்கும் அடுக்களையிலோ கதவுக்கு மேலே ஒரு பழைய குழல்விளக்கு. அதன் இரு முனைகளும் கறுத்திருக்கும். மேலே எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படிந்திருக்கும். ரமழான் மாதத்தில் வைகறைக்கு முன்னர் வீடே உறங்குகையில் எழுந்து சஹர் உணவு ஆக்குபவர் அந்த ஒளியிலேயே வெங்காயம் அரிகின்றார். பெருநாளைக்கு வீட்டிற்கு வெள்ளையடிக்கும்போதும் மாற்றப்படுவது கூடத்து விளக்கே அன்றி அடுக்களை விளக்கு அன்று.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்து மங்குகின்றது, பாவையும் சிறுக்கின்றது. இருபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை எட்டுகின்றது என்று கண்ணியலார் கணக்கிட்டுள்ளனர். ஆகவே, கல்லூரி செல்லும் மகன் அடுக்களை வாயிலில் நின்று "இந்த வெளிச்சம் போதுமே" என்று கூறினால், அது அவன் கண்ணுக்கு மட்டுமே உண்மை. அரிசியில் கல் பொறுக்கும் தாயின் கண்ணுக்கு அது உண்மையன்று.

அடுக்களை விளக்கை மாற்றுவது இன்று அரிதான செயலோ செலவு மிக்க செயலோ அன்று. ஆயினும் எதைத் தெரிவது, எங்கே பொருத்துவது என்பதில் மயக்கங்கள் பல உள. அவற்றை நம் வீட்டுப் பட்டறிவுக்கு எட்டும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாட்டும் லூமெனும்

கடைக்குச் செல்வோர் "எத்தனை வாட்?" என்றே கேட்கின்றனர். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்னாற்றலின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. அடுப்பில் இட்ட விறகு வாட் எனின், பானைக்குச் சேர்ந்த வெப்பமே லூமென். விறகு மிகுதியாக எரிந்தும் உலை கொதியாத அடுப்புகள் உண்டல்லவா? பழைய குண்டு விளக்கு அத்தகையது. 60 வாட் உண்டு ஏறத்தாழ 700 லூமென் ஒளியே தந்தது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகவே கழிந்தது. இன்று 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஏறத்தாழ 900 லூமென் தருகின்றது. 40 வாட் குழல்விளக்கு புதிதாய் இருக்கையில் 2400 லூமென் அளவில் ஒளி தந்தது. ஆனால் அதனுடன் இணைந்த செப்புக்கம்பிச் சோக்கு தன் பங்கிற்கு மேலும் 10 முதல் 15 வாட் வரை உண்டது. மின்கணக்கில் அந்தச் சோக்கை நாம் எண்ணுவதே இல்லை. 'ஜீரோ வாட்' என்ற பெயரில் இரவு முழுதும் எரிந்த சிறு விளக்கின் கதையும் இத்தகையதே. அது உண்மையில் 12 முதல் 15 வாட் வரை உண்டது. பழைய மின்னளவி அதனை உணரத் தவறியமையால் பெயர் நிலைத்தது என்பர்.

எல்.இ.டி. என்பதற்கு நம் பாடநூல்கள் 'ஒளி உமிழ் இருமுனையம்' என்று பெயரிட்டுள்ளன. அழகிய ஆக்கமே, கடையில் அப்பெயர் கூறிக் கேட்போர் எவரும் இலர். 'உமிழ் இருமுனையம்' என்பது வினைத்தொகை, முக்காலத்திற்கும் உரியது. ஆயினும் மலிவாகக் கிடைக்கும் சில விளக்குகள் வாங்கிய சில திங்களிலேயே இறந்த காலத்திற்கு மட்டும் உரியனவாகிவிடுகின்றன. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

சிவப்பு, பச்சை நிற ஒளி உமிழும் இருமுனையங்கள் 1960களிலிருந்தே படிப்படியாக வந்துவிட்டன. நீலம் மட்டும் நெடுநாள் வசப்படவில்லை. நீலமின்றி வெண்மை இல்லை. ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகியோரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் நீல ஒளி கைகூடியது. இதற்கென 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது. நாம் வாங்கும் வெண்விளக்கின் உள்ளே இருப்பது நீல விளக்கே. அதன்மேல் பூசிய மஞ்சள் நிறப் பாசுபரப் பூச்சு நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றது. நம் நாட்டில் 2015 ஜனவரி 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'உஜாலா' திட்டத்தின் வாயிலாக 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. விலை சரிந்து எளியோர் கைக்கும் அவை எட்டியதற்கு அத்திட்டம் ஒரு பெருங்காரணம்.

எவ்வளவு ஒளி வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் லூமெனை லக்ஸ் என்பர். அடுக்களையின் பொதுவெளிச்சத்திற்கு ஏறத்தாழ 200 லக்ஸும், அரிதல், நறுக்கல் நிகழும் மேடைக்கு 300 லக்ஸும் இருத்தல் நலம். பத்தடிக்கு எட்டடி அடுக்களை ஒன்றைக் கொள்வோம். அதன் பரப்பு 80 சதுர அடி. அஃதாவது சுமார் 7.4 சதுர மீட்டர். 200 லக்ஸுக்கு 1480 லூமென் வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுதும் வேண்டிய இடத்தில் வீழ்வதில்லை; சுவரும் கூரையும் பரணும் பாதியளவு உண்டுவிடும். எனவே சுமார் 3000 லூமென் தேவை. 2000 லூமென் தரும் 20 வாட் நீள விளக்கு ஒன்று மட்டும் இதற்குப் போதாது என்பது இக்கணக்கால் விளங்கும். சுவரில் கரி படிந்திருந்தாலோ, மேடைக்குக் கறுப்புக் கருங்கல் பதித்திருந்தாலோ தேவை இன்னும் கூடும். கறுப்புக்கல் அழுக்குத் தெரியாது என்றே பலரும் அதனைப் பதிக்கின்றனர். அழுக்கு மட்டுமா தெரியாது. அதன்மேல் கிடக்கும் கத்தியின் விளிம்பும் தெரியாது. விளக்கை மாற்றுமுன் சுவருக்கு வெள்ளையடித்தால் விளக்கின் பாதி வேலையை அதுவே செய்துவிடும் என்பது எம் கருத்து.

நிழல் விழும் இடம்

நம் அடுக்களைகளின் பெருங்குறை ஒளியின் அளவில் இல்லை, இடத்தில் இருக்கின்றது. சமையல் மேடை ஒரு சுவரை ஒட்டி அமைகின்றது. விளக்கோ அதற்கு எதிர்ச்சுவரில், கதவுக்கு மேலே பொருத்தப்படுகின்றது. மின்கம்பி இழுப்பதற்கு அவ்விடமே எளிது என்பதைத் தவிர இதற்குக் காரணம் ஏதுமில்லை. மேடையை நோக்கி நிற்பவரின் முதுகில் ஒளி விழுகின்றது. அவர் நிழல் அவர் கைமேலேயே விழுகின்றது. இந்நிலையில் விளக்கை இருமடங்கு பெரிதாக்கினாலும் நிழலின் கருமை கூடுமேயன்றி மேடை தெளியாது.

மாணவர்கள் இதனைத் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவில் மேடையின்மீது அச்சிட்ட தாள் ஒன்றை வைத்து, அம்மா நிற்கும் இடத்தில் நின்று சிறிய எழுத்தைப் படிக்க முயலுங்கள். பின்னர் ஓரடி விலகி நின்று படியுங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே நீங்கள் மாற்ற வேண்டிய பொருள்.

தீர்வு எளிது. பொதுவெளிச்சத்திற்கு 20 வாட் நீள விளக்கு ஒன்று. கூரையின் நடுவில் அல்லது மேடைக்குச் சற்று முன்னே அமையுமாறு பொருத்தலாம். மேடைக்கென்று தனியே, மேல் அலமாரியின் அடிப்பகுதியில், முன்விளிம்பை ஒட்டி 5 முதல் 10 வாட் வரையிலான மெல்லிய நீள விளக்கு ஒன்று. அண்மையில் இருப்பதால் சிறிய விளக்கே அங்குப் பேரொளி தரும். அலமாரியின் முன்பலகை சற்றுக் கீழிறங்கி இருப்பின் விளக்கு கண்ணில் நேராகப் படாது மறையும். மேல் அலமாரி இல்லாத வீடுகளில் மேடைச் சுவரிலேயே, தலைக்குச் சற்று மேலே ஒரு விளக்கைப் பொருத்தினாலும் போதும். அடுப்புக்கு நேர்மேலே மட்டும் எந்த விளக்கையும் வைக்கலாகாது. ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் வெப்பமும் மூன்றும் சேர்ந்து அதனை விரைவில் அழித்துவிடும்.

வெப்பம் எல்.இ.டி.யின் பகை என்பதை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். குண்டு விளக்கு வெப்பத்தாலேயே ஒளிர்ந்தது, எல்.இ.டி.யோ வெப்பத்தால் நலிகின்றது. அதனுள் 'டிரைவர்' எனப்படும் சிறு மின்சுற்று ஒன்று உண்டு. பெரும்பாலும் முதலில் பழுதாவது ஒளி உமிழும் சில்லன்று. அச்சுற்றில் உள்ள மின்தேக்கியே. பெட்டியின்மேல் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பினும், காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டிற்குள் அடைத்தால் அத்துணை நாள் அது வாழாது. மலிவு விளக்குகள் விரைந்து மடிவதும் இதனாலேயே: வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு அவற்றில் பெயரளவிற்கே இருக்கும். கையில் எடுத்தால் காகிதம்போல் எடையற்றிருக்கும் விளக்கை ஐயுறுக.

பொன்னிறம் காணும் ஒளி

சமையற் குறிப்புகள் யாவும் "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்" என்கின்றன. பொன்னிறத்திற்கும் கருகலுக்கும் இடையே உள்ள நேரம் மிகச் சிறிது. பிரியாணிக்கு வெங்காயம் வறுப்போர் இதனை நன்கு அறிவர். நிறத்தைச் சரியாகக் காட்டாத விளக்கின் கீழ் அந்த எல்லை கண்ணுக்குப் புலனாவதில்லை. மீனின் செவுள் சிவப்பாக உள்ளதா, பழுப்பேறிவிட்டதா என்பதும், இறைச்சியின் புதுமையும், மல்லித்தூளில் கலப்பு உண்டா என்பதும் நிறத்தால் அறியப்படுவனவே.

கதிரவன் ஒளியில் தோன்றுவது போலவே பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு காட்டுகின்றதா என்பதை அளக்கும் எண்ணைச் சி.ஆர்.ஐ. என்பர்; நிறங்காட்டு எண் எனலாம். அதன் உச்ச அளவு 100. குண்டு விளக்கு இதில் ஏறத்தாழ நூற்றைத் தொட்டது. அதன் சிறப்பு அது ஒன்றே. நீலமும் மஞ்சளும் கலந்து வெண்மையான எல்.இ.டி.யில் செம்மை குறைவு. ஆகவேதான் தரம் குறைந்த விளக்கின் கீழ்த் தக்காளியும் இறைச்சியும் வெளிறித் தோன்றுகின்றன. பெட்டியில் இவ்வெண் 80க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். 90 கிடைத்தால் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் வாங்கலாம். அடுக்களைக்கு அது வீண்செலவன்று.

ஒளியின் சாயலைக் கெல்வின் அளவால் குறிப்பர். 2700 மஞ்சள் சாயல். 4000 இயல்பான வெண்மை. 6500 நீலஞ்சார்ந்த வெண்மை. நம் ஊர்க் கடைகளில் கேளாமலே எடுத்துத் தருவது 6500. வெண்மை கூடினால் தெளிவும் கூடும் என்பது ஒரு மயக்கமே. தெளிவு லூமெனாலும் நிறங்காட்டு எண்ணாலும் அமைவது. அடுக்களைக்கு 4000 ஏற்றது. கிடைக்காவிடின் 6500 கேடன்று.

இன்னொரு சோதனை. எரியும் விளக்கைக் கைப்பேசியின் படக்கருவி வழியே நோக்குங்கள். திரையில் கருங்கோடுகள் பட்டை பட்டையாக ஓடினால் அவ்விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கின்றது என்பது பொருள். கண் அதனைத் தனித்துணராது. ஆயினும் சிலருக்குத் தலைவலியும் அயர்வும் அதனால் வரும். கடைக்காரரிடம் எரியவிட்டுக் காட்டுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டா. பெட்டியின்மேல் ஐ.எஸ். 16102 என்னும் தர எண்ணும் நட்சத்திர முத்திரையும் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். முதல் எண் காப்பிற்கு, இரண்டாவது சிக்கனத்திற்கு.

பழைய சட்டத்தில் புதிய குழல்

பலர் பழைய குழல்விளக்கின் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு குழலை மட்டும் எல்.இ.டி. குழலாக மாற்ற விரும்புகின்றனர். இங்கே எச்சரிக்கை தேவை. எல்.இ.டி. குழல்கள் ஒரே வகையின அல்ல. சில பழைய சோக்குடனேயே இயங்கும்; ஸ்டார்ட்டரை மட்டும் உடன் வரும் மாற்றுத் துண்டால் மாற்ற வேண்டும். சில சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கி நேராக மின்னிணைப்புத் தர வேண்டியவை. இவற்றுள்ளும் ஒரு முனையிலேயே மின்சாரம் ஏற்பன சில. இரு முனையிலும் ஏற்பன சில. இரு முனை வகையில், ஒரு முனையைப் பொருத்திவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருக்கும்போது அம்முனையின் ஊசியில் மின்சாரம் இருக்கக்கூடும். ஈரக்கையும் ஈரத்தரையும் உள்ள அடுக்களையில் இது விளையாட்டன்று. மேலும், சோக்கை வைத்துக்கொண்டால் அது உண்ணும் மின்சாரமும் தொடரும். எனவே, பழைய சட்டத்தை முழுதும் கழற்றிவிட்டு, தன்னுள்ளேயே டிரைவர் அமைந்த புதிய நீள விளக்கை மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவதே எல்லா வகையிலும் மேல்.

அவர் வந்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்.இ.டி. பொருத்திய சில வீடுகளில் சுவிட்சை அணைத்த பின்னரும் விளக்கு மின்மினிபோல் மங்கலாக எரிவதுண்டு. விளக்கின் குறை என்று எண்ணி மாற்றுவர். புதியதும் அவ்வாறே எரியும். சுவிட்சில் உள்ள சிறு அறிவிப்பு விளக்கு காரணமாக இருக்கலாம். சுவிட்சு, மின்னோட்டம் வரும் கம்பியில் அமையாமல் 'நியூட்ரல்' கம்பியில் அமைந்திருப்பதும் காரணமாகலாம். பின்னது தீங்கு மிக்கது: சுவிட்சு அணைந்திருக்கையிலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கின்றது. குண்டு விளக்குக் காலத்தில் பல்லாண்டு மறைந்திருந்த பிழையை எல்.இ.டி. காட்டிக்கொடுக்கின்றது.

மிச்சமும் விரயமும்

இனிக் கணக்கைப் பார்ப்போம். பழைய 40 வாட் குழலும் சோக்கும் சேர்ந்து 52 வாட் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால், இரு திங்கள் மின்கணக்குக் காலத்தில் 15.6 யூனிட். அதே நேரம் எரியும் 20 வாட் எல்.இ.டி. விளக்கிற்கு 6 யூனிட். மேடை விளக்கு 7 வாட் என்று சேர்த்தாலும் 8.1 யூனிட்டே ஆகும். ஒளி இருமடங்கு தெளிவு. செலவு ஏறத்தாழப் பாதி. ஆண்டிற்கு 45 யூனிட் மிச்சம். அடுக்கடுக்காக உயரும் கட்டண விகிதத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

ஆனால் "எல்.இ.டி.தானே, எரியட்டும்" என்று இரவெல்லாம் விட்டுவைக்கும் பழக்கமும் கூடவே வளர்கின்றது. 20 வாட் விளக்கு நாளொன்றுக்கு 13 மணி நேரம் எரிந்தால் அதுவும் அதே 15.6 யூனிட்தான். மிச்சம் என்று ஒன்றும் இல்லை. உறங்கப்போகும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்ததைப் புகாரி முதலிய ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். எலி திரியை இழுத்து வீட்டைத் தீக்கு இரையாக்கிவிடக்கூடும் என்பதே அங்குக் கூறப்பட்ட காரணம். அதனை அப்படியே மின்விளக்கிற்கு ஏற்றிக் கூறுவது பொருத்தமன்று. நம் விளக்கில் திரியும் இல்லை, எலி இழுக்கவும் இயலாது. ஆனால் உண்பதையும் பருகுவதையும் அனுமதித்து விரயத்தை விலக்கும் திருக்குர்ஆனின் பொதுநெறி மின்சாரத்திற்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. இரவில் தண்ணீர் அருந்த எழுவோருக்கு அரை வாட் சிறு விளக்கு ஒன்று போதும்.

சிக்கனத்தின் பெயரால் அடுக்களையை இருளச் செய்வதும் நெறியன்று. மின்கட்டணம் மிகுந்த திங்களில் முதலில் குறைக்கப்படுவது அடுக்களை விளக்கு என்றால், அங்கே மிச்சப்படுவது மின்சாரமன்று. செலவாவது ஒருவர் கண்.

பராமரிப்பு பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. திங்களுக்கு ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறிய பின்னர், சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிட்டால் பிசுக்கால் மறைந்த ஒளி மீளும். எரிவாயு கசியும் வாடை வந்தால் விளக்கின் சுவிட்சைத் தொடவே கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும்.

கழற்றிய பழைய குழலையும் சி.எஃப்.எல். விளக்கையும் என்ன செய்வது? அவற்றுள் பாதரசம் உண்டு. அக்காரணம் பற்றியே, பாதரசத்திற்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடி, பொதுப் பயன்பாட்டுக் குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென முடிவு செய்தன. பழைய குழலைத் தெருக்குப்பையில் எறிதலும், சிறுவர் அதனை உடைத்து விளையாட விடுதலும் கூடா. புதிய விளக்கு வந்த அட்டைப்பெட்டியிலேயே அதனை இட்டு, மின்னணுக் கழிவு பெறுவோரிடம் சேர்க்கலாம். கைதவறி உடைந்துவிட்டால், சாளரங்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையை விட்டு விலகியிருங்கள். பின்னர் துடைப்பத்தால் பெருக்காமல், தடித்த அட்டைத் துண்டால் சில்லுகளை ஒதுக்கி எடுத்து, எஞ்சிய தூளை ஈரக் காகிதத்தால் ஒற்றி, எல்லாவற்றையும் மூடியுள்ள புட்டி ஒன்றில் அடைத்து வீட்டிற்கு வெளியே வையுங்கள்.